நானூற்றுப் பத்து மில்லிலீற்றர்

காலை பத்தரைக்கு என் நெஞ்சில் ஒன்றுமே இருக்காது.
அதுதான் பிரச்சினை.
டொக்டர்மார் குழாய் வைத்துக் கேட்கும் நேரத்தில்
அது நல்ல பிள்ளை.
இரவு இரண்டு மணிக்கு
வெள்ளவத்தை றெயில்பாதைக்கு இந்தப் பக்கம்
மூன்றாம் மாடியில்
பூனைக்குட்டியாய்க் கத்துவதைக் கேட்டவர் யார்?
தலையணையோடு எழும்பி
கூடத்துக்குப் போய்விடுகிற ஒரு மனிதரைத் தவிர.

பதினொரு வருடம்.
கஸ்ரைற்றிஸ் என்றார் ஒருவர்.
கடற்காற்று என்றார் இன்னொருவர்.
யோசனை கூடிப்போச்சு, கோயிலுக்குப் போங்கோ என்றார்
காசை வாங்கிக்கொண்ட மூன்றாமவர்.
புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில்
செத்தல் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே இருந்து
நான் கணக்கெழுதுவதை ஒருவரும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
அந்தத் தெருவில் எல்லோரும்தான் இருமுகிறார்கள்.

இன்று மருதானையில்
தில்ருக்ஷி என்று சட்டையில் எழுதிய பெண்
நிமிர்ந்து உட்காரச் சொல்கிறாள்.
வயது நாற்பத்துமூன்று. உயரம் நூற்றைம்பத்திரண்டு.
அடுத்த கட்டத்தில் இயந்திரம்
இனம் கேட்கிறது.

எனக்குத் தெரியும் இந்தக் கேள்வியை.
லொட்ஜ் கொப்பியில், பொலிஸ் பதிவில்,
பம்பலப்பிட்டிச் சந்தியில் டோர்ச் வெளிச்சத்துக்குக் கண்கூசியபடி
பதில் சொல்லியிருக்கிறேன்.
நான் வாய் திறக்குமுன்
அவள் திரையைத் திருப்பிக் காட்டுகிறாள்:
வெள்ளையர். கறுப்பர். கிழக்காசியர். மற்றவர்.
அவளும் இல்லை அதில், நானும் இல்லை.
‘மற்றவர்’ என்பதை அழுத்திவிட்டு
நானும் அதுதான் என்கிறாள் சிங்களத்தில்.
இன்ன ஆளுக்கு இவ்வளவு மூச்சு என்று
எங்கோ யாரோ எழுதிவைத்த அட்டவணையில்
எங்களுக்கு ஒரே வரிசை.

மூக்கில் கிளிப். பல்லுக்கிடையில் மட்டைக் குழல்.
இழுங்க, இன்னும் இழுங்க,
இப்ப
பிம்பின்ன! ஹய்யென்! தவ, தவ, தவ, தவ...
வெறுங்காற்றுக்காக ஒருத்தி இப்படிக் கத்தி
நான் பார்த்ததில்லை.
முடிந்தது என்று நினைத்த இடத்துக்குப் பிறகும்
ஆறு செக்கன் முடியவில்லை.
எனக்குப் பழக்கம் அடக்குவது.
சப்பாத்துச் சத்தம் படியேறினால்
ஆறு பெண்கள் மூச்சை அடக்கிய அறையில்
இருபது வயதைக் கழித்தவள்.
முழுதாய் வெளியே விடு என்று
இன்றுவரை யார் சொன்னார்கள்?

மூன்று தரம். மூன்றாவதில் கண் இருட்டியது.
திரையில் கோடு மேலே பாய்ந்து
நேராக இறங்காமல் நடுவில் குழிந்தது,
மூட்டையில் யாரோ உட்கார்ந்து எழும்பிப் போனதுபோல.
முதல் செக்கனில் 1.38.

பிறகு நீலப் பம்ப், பிளாஸ்ரிக் கூட்டுக்குள்ளால் நாலு தரம்.
வாங்கில் பதினைந்து நிமிடம்.
கை நடுங்கியது; மருந்து அப்படித்தானாம்.
பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பையன்
இன்னும் ஊதாத குழலுக்குள்ளால்
மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
எனக்குப் பயம் ஒன்றுதான்,
இயந்திரமும் ஒன்றுமில்லை என்றுவிடுமோ.
கடவுளே, ஏதாவது இருக்கட்டும்.

மறுபடி ஊதினேன்.
1.79.

கழித்துப் பார்க்க எனக்கு இயந்திரம் தேவையில்லை.
நானூற்றுப் பத்து மில்லிலீற்றர்.
கடைவாசலில் விற்கிற ஜிஞ்சர் பியர்ப் போத்தல் ஒன்று,
அதற்குமேல் ஒரு மிடறு.
மூட்டைக்கு நூறு கிராம் குறைந்தாலே
முதலாளி லொறியை நிறுத்திவைப்பார்.
மூச்சுக்கு ஒரு போத்தல் குறையக் குறைய
நான் பதினொரு வருடம்
சரி என்று கையொப்பம் வைத்திருக்கிறேன்.

ஆஸ்துமா, என்றார் டொக்டர்.
காலையும் இரவும் பம்ப், பிறகு வாய் கொப்பளிக்க வேணும்.
என்ன வேலை, என்றார் நிமிராமல்.
கணக்கெழுத்து, என்றேன் வழக்கம்போல.
கதவுவரை போய்விட்டேன்.
திரும்பி வந்து சொன்னேன்:
மிளகாய்க் கடையில்.

அவர் பேனையைக் கீழே வைத்தார்.